வேலைக்கு எழுதும் கடிதம்: வேண்டுதலா, தெரிவித்தலா?



மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் பொழிவுத் தொடரில் வேலை விண்ணப்பக் கடிதத்திற்கு இடமுண்டா என்று சிலர் எண்ணக்கூடும். நம் மாணவருள் கவிதை எழுதுவோர் சிலரே. கட்டுரை எழுதுவதும் பெரும்பாலோர்க்குத் தேர்வோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் வேலை வேண்டி ஒரு கடிதம் எழுதாமல் வாழ்நாளைக் கடப்பவர் மிகக் குறைவு. அக்கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும், பிறரிடம் தம்மைப் பற்றி எப்படிப் பேசுவது என்னும் பழக்கம் பெரிதும் பள்ளியில்தான் படிகிறது. அப்பழக்கத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

தன்விவரக் குறிப்புக்கு முன்னே செல்லும் கடிதத்தை நாம் இங்கே கருதுகிறோம். முகப்புக் கடிதம் என்று அதனை வழங்குவாரும் உளர். தாளில் எழுதி அஞ்சல்தலை ஒட்டி அனுப்புவோர் இன்று அரியர். மின்னஞ்சலாகவோ, இணையப் படிவத்தோடு சேர்க்கும் கோப்பாகவோ அது செல்கிறது. வடிவம் மாறியபோதும் நடை மாறவில்லை என்பதே நம் கவலை.

அந்நடை எத்தகையது என்பதை அவையோர் நன்கறிவர். ‘தங்கள் நிறுவனத்தில் பணியிடம் காலியாக இருப்பதை அறிந்தேன்’ என்று அது தொடங்கும். ‘நான் கடின உழைப்பாளி, பொறுப்புணர்ச்சி மிக்கவன்’ என்று தொடரும். ‘என்மீது கருணைகூர்ந்து ஒரு வாய்ப்பளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடியும். அனுப்புநர், பெறுநர், நாள், விளிப்பு, கையொப்பம் யாவும் தத்தம் இடத்தில் அமைந்திருக்கும். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைக்கும். வேலை கிடைக்குமா என்பது வேறு வினா. அந்தக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் வகுப்பிலுள்ள மற்றெவரும் அதனை அனுப்பலாம். எவரும் அனுப்பக்கூடிய ஒரு கடிதத்தைக் கொண்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

இந்நடைக்கு ஒரு வரலாறு உண்டு. ‘விண்ணப்பம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வடமொழியில் ‘விஞ்ஞாபனம்’, ‘விஞ்ஞப்தி’ என வழங்கும் சொற்களோடு உறவுடையது அது. அவற்றின் வேர்ப்பொருள் ‘அறியச் செய்தல்’ என்பதாகும். பல்லவர் செப்பேடுகளில் ஒரு கொடையை நிறைவேற்றும் பொறுப்பாளரை ஆணத்தி என்றும், அக்கொடைக்காக மன்னனிடம் எடுத்துரைத்தவரை விண்ணப்பம் செய்தவர் என்றும் குறிக்கும் வழக்கத்தைக் காண்கிறோம். விண்ணப்பம் செய்தவர் மன்னன் அறிய வேண்டியதை அறியச் செய்தவர். அவர் கையேந்தி நின்றவர் அல்லர். இறைவன் முன்னும் அரசன் முன்னும் பலகாலம் வழங்கியதால் அச்சொல்மீது பணிவின் நிறம் ஏறிற்று. நாளடைவில் அறிவித்தல் பின்னே சென்று, வேண்டுதல் முன்னே வந்துவிட்டது.

பிரிட்டிஷ் ஆட்சிக்காலம் இதனை மேலும் இறுக்கியது. அக்கால அலுவல் கடிதங்கள் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரோடு முடிந்தன. மேலதிகாரி தமக்குக் கீழே இருந்தவருக்கு எழுதும்போதும் அதே தொடரைத்தான் எழுதினார். ஆங்கிலேயரிடையே அது பொருளிழந்து தேய்ந்துபோன ஒரு மரியாதைச் சொல், அவ்வளவே. சிங்கப்பூரின் ஐந்தடி நடைபாதைகளில் மேசையிட்டு அமர்ந்து பிறருக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தோர் இருந்தனர். மலாயாத் தோட்டங்களில் எழுத்தறிந்தவர் கிராணியார். எழுதத் தெரியாத ஒருவர், தம் வாழ்வை முடிவுசெய்யும் அலுவலகத்திற்குப் பிறர் கையால் மனு அனுப்பிய சூழலில் அத்தொடர் வெறும் சம்பிரதாயமாக நிற்கவில்லை. அதன் ஒவ்வொரு சொல்லும் மெய்ப்பொருளோடு ஒலித்தது. அந்த மனுவின் குரலைத்தான் நம் பிள்ளைகள் இன்றும் தம் கடிதங்களில் வழங்கிவருகின்றனர் என்பது நம் கருத்து.

பணிவு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தமிழ் மரபில் பரிசில் வேண்டிச் செல்வது இழிவாகக் கருதப்படவுமில்லை. ஆனால் அங்கே தகுதி அறியப்படுதல் முதன்மையாக இருந்தது. புறநானூற்றின் 208ஆம் பாடலை நினைவுகூர்வோம். அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார் பெருஞ்சித்திரனார். மன்னனோ அவரைக் காணாமலேயே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைப் பார்த்து, தம் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவே ஆயினும் இனிது என்பது அவர் நிலைப்பாடு. அவர் வேண்டிச் சென்றவர்தாம். எனினும் அறியப்படாமல் பெறுவதை அவர் பேறாகக் கொள்ளவில்லை. வேலைக்கு எழுதும் கடிதத்தின் பணியும் இதுவே: பார்க்காத ஒருவர் நம்மை அறியும்படி செய்தல்.

இனி, ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொண்டு சற்று விரிவாக ஆராய்வோம். ஒரு பாலர்பள்ளி தமிழாசிரியர் வேண்டுமென விளம்பரம் செய்கிறது. 5, 6 வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசாத குழந்தைகளிடமும் ஆர்வத்தை ஏற்படுத்த வேண்டும். பெற்றோருடன் தொடர்பில் இருக்க வேண்டும். இவை விளம்பரத்தில் காணப்படும் செய்திகள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பை முடித்த மாணவி ஒருவர் பின்வருமாறு எழுதுகிறார்:

‘நான் கடின உழைப்பாளி. பொறுமையும் பொறுப்புணர்ச்சியும் உடையவள். எனக்குக் குழந்தைகள் என்றால் மிகவும் பிடிக்கும். முன் அனுபவம் அதிகம் இல்லாவிட்டாலும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் நிறைய உண்டு. ஆகவே எனக்கு ஒரு வாய்ப்பு வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

இதில் இலக்கணப் பிழை இல்லை. பொய்யும் இல்லை என்றே கொள்வோம். எனினும், பாலர்பள்ளித் தலைவி இதனைப் படித்தபின் மாணவியைப் பற்றி என்ன அறிந்தார்? அனுபவம் அதிகம் இல்லை என்ற ஒன்றை மட்டும் உறுதியாக அறிந்தார். அதையும் மாணவியே முன்வந்து கூறியிருக்கிறார்! மற்றவை யாவும் எவரும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய பண்புப் பெயர்கள்.

அதே மாணவி, தம் பயிற்சிக்காலத்தை எண்ணிப் பார்த்து மீண்டும் எழுதுகிறார்:

‘வீட்டில் தமிழ் பேசாத குழந்தைகளிடமும் ஆர்வத்தை ஏற்படுத்தக்கூடிய ஆசிரியர் தேவை என்று தங்கள் விளம்பரம் கூறுகிறது. கடந்த ஆண்டு 12 வாரம் ஒரு பாலர்பள்ளியில் பயிற்சி பெற்றபோது அத்தகைய 9 குழந்தைகள் என் குழுவில் இருந்தனர். முதல் வாரத்தில் இருவர் மட்டுமே தமிழில் மறுமொழி கூறினர். வீட்டிலிருந்து அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுசென்று, சீரகம், மிளகு, ஏலம் ஆகியவற்றை முகர்ந்து பெயர் சொல்லும் விளையாட்டு ஒன்றை அமைத்தேன். பெயர் தெரியாத குழந்தை வீட்டில் பாட்டியிடமோ தாயிடமோ கேட்டுவர வேண்டும். பயிற்சி முடிந்தபோது 7 பேர் தாமாகவே தமிழில் பெயர் சொல்லத் தொடங்கியிருந்தனர். மற்ற இருவர் இறுதிவரை ஆங்கிலத்திலேயே பேசினர். அவர்களின் பெற்றோருக்காக, வீட்டில் விளையாட ஏற்ற 5 விளையாட்டுகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.’

‘பொறுமை’ என்ற சொல் இங்கே எங்கும் இல்லை. ஆயினும் படிப்பவர் அதனைத் தாமே உணர்கிறார். தாமே உணர்ந்த ஒன்றை அவர் ஐயுறமாட்டார். ‘குழந்தைகளைப் பிடிக்கும்’ என்று எழுதவில்லை. அஞ்சறைப்பெட்டியைச் சுமந்து சென்றதே அதனைச் சொல்லிவிடுகிறது. விளம்பரம் கேட்ட மூன்றில் இரண்டுக்கு, அதாவது வீட்டில் தமிழ் பேசாத குழந்தைக்கும் பெற்றோர் தொடர்புக்கும், ஒரே நிகழ்ச்சி விடையளிக்கிறது. நாம் மிகவும் பாராட்டுவது இறுதிவரை ஆங்கிலத்தில் பேசிய அந்த இரண்டு குழந்தைகளைக் கூறிய வரியை. 9 பேரும் மாறிவிட்டனர் என்று எழுதியிருந்தால் அனுபவமுள்ள தலைவி புன்னகையோடு அடுத்த கடிதத்திற்குச் சென்றிருப்பார். இருவர் மாறவில்லை என்று கூறியதால், எழுவர் மாறினர் என்பதும் நம்பத்தக்கதாகிறது.

இங்கே ஒரு மொழிநுட்பத்தையும் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் ஒருவர் தம்மைப் பற்றி எழுதும்போது ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நான்’ என்பதற்குரிய சொல் நின்றாக வேண்டும். அதனைத் தவிர்க்க அவர்கள் பல உத்திகளைக் கையாள்கின்றனர். தமிழில் வினைமுற்றே எழுவாயைத் தாங்கிக்கொள்கிறது. ‘அமைத்தேன்’, ‘கொடுத்தேன்’ என்றாலே போதும். மேலே கண்ட இரண்டாம் கடிதப் பகுதியில் ‘நான்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. செயல் முன்னே நிற்க, செய்தவர் வினையின் விகுதியில் அடங்கி நிற்கிறார். ‘தாழ்மையுடன்’ என்று எழுதாமலே வரும் பணிவு இது. தற்பெருமையாகிவிடுமோ என்று தயங்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல துணை வேண்டியதில்லை. தமிழாசிரியர்கள் வகுப்பில் இதனைச் சுட்டிக்காட்டினால், தன்மை ஒருமை விகுதி பற்றிய இலக்கணப் பாடமும் அன்றே பயன்பெறும்.

எதனை முதலில் கூறுவது என்பது அடுத்த கேள்வி. இதற்கு இத்தாலியிலிருந்து ஒரு சான்று கூறுவோம். ஓவியர் லியொனார்டோ டா வின்சி ஏறத்தாழ 1482ஆம் ஆண்டில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை வேண்டி எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் கிடைக்கிறது. தாம் செய்ய வல்லவற்றை அதில் எண்ணிட்டு அடுக்குகிறார்: எளிதில் எடுத்துச் செல்லும் பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், கவச வண்டிகள். கட்டடமும் நீர்வழியும் அதன்பின் வருகின்றன. உலகம் அவரை எதற்காக நினைவில் வைத்திருக்கிறதோ, அந்த ஓவியத்திறன் ஏறக்குறைய இறுதியில்தான் இடம்பெறுகிறது. கடிதத்தைப் பெறுபவர் போர்ச்சூழலில் இருந்த ஓர் ஆட்சியாளர். தமக்கு எது பெரிது என்று பாராமல், அவருக்கு எது தேவை என்று பார்த்து லியொனார்டோ வரிசைப்படுத்தினார். ஐயமிருந்தால் தங்கள் பூங்காவிலேயே செய்துகாட்டச் சித்தமாயிருக்கிறேன் என்ற பொருளில் முடிக்கிறார். பணிவுரையும் இறுதியில் உண்டு. ஆனால் செய்திகளையெல்லாம் கூறியபின். அவர் அடுக்கிய கருவிகள் எல்லாவற்றையும் அதற்குமுன் உண்மையில் செய்து பார்த்திருந்தாரா என்பது ஐயத்திற்குரியது. அந்தப் பகுதியை மட்டும் நம் மாணவர்கள் பின்பற்ற வேண்டா.

‘எழுதுவதற்கு எனக்கு ஒன்றுமே இல்லையே’ என்று கூறும் இளையர் பலர். தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களிடமும், தேசிய சேவையை அண்மையில் முடித்தவர்களிடமும் இதனை அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் அது உண்மையன்று. இணைப்பாட நடவடிக்கையில் கணக்கு எழுதியவர் உண்டு. சமூக மன்றத்துப் பொங்கல் விழாவில் வருகையாளர் வரிசையை ஒழுங்குபடுத்தியவர் உண்டு. வார இறுதியில் தந்தையின் உணவுக்கடையில் கல்லாவில் அமர்ந்தவர் உண்டு. வேலை என்று பெயரிடப்படாததால் அவர்கள் அதனை வேலையாகக் கருதுவதில்லை. ஆசிரியர் அருகிலமர்ந்து இரண்டு மூன்று வினாக்கள் கேட்டால் அது வெளிவரும். எத்தனை பேர் வந்தார்கள்? எங்கே சிக்கல் ஏற்பட்டது? நீ என்ன செய்தாய்? அந்த விடைகளே கடிதத்தின் நடுப்பகுதி.

தவிர்க்க வேண்டியவற்றை விரைவாகக் கூறிவிடுவோம். பிறந்த நாள், இனம், சமயம், திருமண நிலை ஆகியவற்றை முதற்பத்தியிலேயே எழுதும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. வேலைக்குத் தொடர்பற்ற இத்தகைய விவரங்களைக் கேட்கலாகாது என்பதே சிங்கப்பூரின் நியாயமான வேலை நியமன வழிகாட்டி நெறிகளின் நோக்கம். வேலையிட நியாயத்திற்கான சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அடையாள அட்டை எண்ணையும் கடிதத்தில் எழுத வேண்டா. சட்டத்தேவையோ, ஆளை உறுதிப்படுத்தும் இன்றியமையாத தேவையோ இன்றி நிறுவனங்கள் அதனைச் சேகரிப்பதற்கு 2019 செப்டம்பர் முதல் கட்டுப்பாடு உண்டு. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டலாகாது. பெறுநரின் பெயர் தெரிந்தால் பெயரோடு, தெரியாவிட்டால் பதவியோடு விளிக்கலாம். மற்றொரு நிறுவனத்திற்கு எழுதிய கடிதத்தில் பழைய பெயரை மாற்ற மறந்து அனுப்புவோரைப் பற்றி நாம் கூற வேண்டியதில்லை. அவர்களுக்கு மறுமொழி வருவதில்லை. எல்லா இடங்களிலும் இக்கடிதம் பயன்படும் என்றும் கருத வேண்டா. மலேசியாவில் பொதுச் சேவை ஆணையத்தின் வழி அரசுப் பணிக்கு விண்ணப்பிப்போர் இணையப் பதிவைத்தான் நிரப்புகின்றனர். அங்கே கவனம் படிவத்திற்கே உரியது.

எந்த மொழியில் எழுதுவது? பெரும்பாலான வேலைகளுக்கு இங்கே ஆங்கிலத்திலும், மலேசியாவில் மலாய் அல்லது ஆங்கிலத்திலும் எழுதுவதே இயல்பு. தமிழ் கற்பித்தல், செய்தித்துறை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு விளம்பரம் எம்மொழியில் வந்ததோ அம்மொழியில் எழுதுவது முறை. ஆங்கில விளம்பரத்திற்கு ஆங்கிலக் கடிதம் அனுப்பி, தமிழில் ஒரு பக்கத்தை மாதிரியாக இணைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் பணிக்கு ‘எனக்குத் தமிழில் நல்ல புலமை உண்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதைக் காட்டிலும் அந்த ஒரு பக்கம் கூடுதலாகப் பேசும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இக்கடிதங்களை நொடியில் எழுதித் தருகின்றனவே, இவ்வளவு பேச்சு எதற்கு என்று பின்வரிசையில் யாரேனும் நினைத்துக்கொண்டிருக்கலாம். பிழையற்ற, வழுவழுப்பான கடிதம் இன்று எல்லார்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆதலின் அதற்கு மதிப்புக் குறைந்துவிட்டது. செயலிக்கு அஞ்சறைப்பெட்டி தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் அது ‘கடின உழைப்பாளி’ என்றே எழுதும், அல்லது நடவாத ஒன்றை நடந்ததாக எழுதும். பின்னது பெருந்தீங்கு.

ஆசிரியர்களிடம் இரண்டு பயிற்சிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, பாடநூல் வினாவுக்குப் பதிலாக, அவ்வாரம் வெளிவந்த உண்மையான விளம்பரம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவருதல். நிறுவனம் எதற்காக ஆள் தேடுகிறது, எந்தச் சொல்லை இருமுறை கூறுகிறது என்று மாணவர்கள் ஆராயட்டும். எழுதுவது அதன்பின். இரண்டாவது, எழுதிய கடிதத்தைப் பக்கத்து மாணவரிடம் அரை நிமிடம் மட்டும் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ளுதல். நினைவில் நின்றது என்ன என்று அவர் சொல்லட்டும். ‘நல்ல கடிதம்’ என்று மட்டும் கூறினால், திருத்தம் தேவை என்று பொருள். கடித அமைப்புக்குரிய மதிப்பெண்ணை நாம் மாற்ற இயலாது. தேர்வு உள்ளவரை அதற்கும் பயிற்சி வேண்டும். ஆனால் திருத்தும்போது, ஓரத்தில் ‘இதனை வேறு எவரும் எழுதலாமா?’ என்று ஒரு வரி எழுத எந்தத் தேர்வு வாரியமும் தடை விதிக்கவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று. அனுப்பிய கடிதத்தின் படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் உங்கள் எதிரே அமர்பவர் அதனை மேசைமீது வைத்திருப்பார். அஞ்சறைப்பெட்டியைப் பற்றி எழுதிய மாணவியிடம் பாலர்பள்ளித் தலைவி கேட்கக்கூடிய முதற்கேள்வி, ‘ஒரு குழந்தை மிளகை மூக்கில் போட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள்?’ என்பதாக இருக்கலாம். உண்மையிலேயே அவ்விளையாட்டை நடத்தியவர் என்றால், துளையிட்ட மூடியுடைய சிறு குப்பிகளில் அவற்றை இட்டு, குப்பியைத் தம் கையிலேயே வைத்திருந்ததை அவர் உடனே சொல்லிவிடுவார்.